தண்ணி நல்லாக் கிடக்கு

நடை வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் போன கிழமை வீட்டுக்கு வந்து, பொதியை எப்படிக் குறைப்பது என்று கேட்டீர்கள். முழங்கால் விட்டுப்போய் நான் வீட்டில் இருக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. கேட்டதற்கு வாயால் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதுகிறேன். பத்திரிகையில் செய்தியாளராக இருந்தவள் நான். பேசும்போது தவறவிடுவதை எழுதும்போது பிடித்துக்கொள்வேன்.

பொதியைக் குறைப்பது பெரிய வித்தையல்ல. மன்னாரில் நடப்பவருக்கு மலைநாட்டுச் சாமான்கள் வேண்டாம். கனத்த சப்பாத்து கடலோர உப்புத்தரவை வெளியில் இரண்டு மணித்தியாலத்தில் ஒவ்வொன்றும் ஒரு கிலோ சேற்றைச் சேர்த்துக்கொள்ளும். வாருள்ள செருப்பும் ஒரு சோடி காலுறையும் போதும். கூடாரத்துக்குப் பதில் நுளம்பு வலையும் ஒரு தார்ப்பாயும். படுக்கைப் பைக்குப் பதில் சாரம். சாரம் போர்வையாகும், திரையாகும், தலைப்பாகையாகும், நனைத்தால் குளிரூட்டியாகும். துவாய் வேண்டாம், கைலேஞ்சி இரண்டு போதும். ஒரே வேலைக்கு மட்டும் உதவும் சாமானை மேசையில் விட்டுவிட்டு வாருங்கள்.

நடை தொடங்கும் காலைகளைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். நடைகளை ஒழுங்குசெய்யும் எங்கள் கந்தோரின் நீள மேசையில் வந்தவர்கள் தங்கள் பொதிகளைக் கொட்டுவார்கள். ஒருவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது அந்த மேசையில் தெரிந்துவிடும். மழைக்குப் பயந்தவர் மூன்று மழைச்சட்டை கொண்டுவருவார். பசிக்குப் பயந்தவர் பிஸ்கட் பெட்டிகளை அடுக்குவார். ஒரு தடவை ஒரு பெண் இஸ்திரிக்கைப் பெட்டியை எடுத்து வைத்தார். "தங்கச்சி, இதுக்குக் கரண்ட் எங்க குடுக்கிறது, கள்ளிச் செடியிலயோ?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பதும், எடுத்த பிறகு ஒன்றைத் திருட்டுத்தனமாகத் திரும்பப் போடுவதும், தேநீர் ஆறிப்போவதும், வெளியே வான் சாரதி ஹோர்ன் அடிப்பதும். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே நான் இந்த வேலையில் பதினொரு வருடம் இருந்தேன் என்று சொல்லலாம்.

எடையைக் குறைக்கும் ஆசை ஒரு கட்டத்தில் தண்ணீரில் வந்து நிற்கும். அதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும். பொதியில் மிகவும் பாரமான சாமான் தண்ணீர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. அதில் எதையும் வெட்ட முடியாது, எண்ணிக்கையை மட்டுமே குறைக்கலாம். நான் ஒரு தடவை குறைத்தேன்.

அது ஒரு பங்குனி மாதம். மூன்று நாள் நடை. முதல் நாள் கட்டுக்கரைக் குளக்கட்டில் தொடங்கி வயல்வெளியால் பாப்பாமோட்டை. இரண்டாம் நாள் விடத்தல்தீவு. மூன்றாம் நாள் அங்கிருந்து கரையோரமாக வடக்கே, ஒரு மணல் முனையில் அந்தப் பருவத்துக்கு மட்டும் கடற்றொழிலாளர் தங்கப் போட்டிருந்த மீன்வாடிவரை. அங்கிருந்து வள்ளத்தில் விடத்தல்தீவுக்குத் திரும்புவது. மூன்றாம் நாள் வழி எங்களுக்குப் புதிது. நான் அதில் அதற்குமுன் நடந்ததில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். வவுனியா ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த ரஜனி, அவருடைய கணவர் குமார், அறுபத்துநான்கு வயதான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். அவரை எல்லோரும் மாஸ்ரர் என்றே கூப்பிட்டோம். எடை பார்ப்பதில் என்னையும் மிஞ்சியவர். பற்தூரிகையின் பிடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மிச்சப் பாதியை என்ன செய்தனீங்கள் மாஸ்ரர்?" என்று குமார் கேட்டார்.

"வீட்டில இருக்கு. போய் ஒட்டுவன்" என்றார் அவர்.

மாஸ்ரரின் மனைவி இறந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் அவர் வீட்டுக் கதிரையை விட்டு எழும்பவில்லை என்று அவருடைய மகள் சுகந்தி என்னிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். சுகந்தி கொழும்பில் இருந்தார். அப்பா தானாக நடக்கப்போகிறேன் என்று கேட்டதும் அரைமனதோடு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. நடையில் அவருக்கு ஏதும் நடந்தால் அதன்பிறகு நடை இல்லை. வவுனியா வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் மகளின் ஆறாம் மாடி வீட்டுக்கு வந்துவிடவேண்டும். "ஆறாம் மாடியில நான் என்ன, புறாவோ?" என்று மாஸ்ரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பகிடியாகச் சொன்னாலும் அவர் அந்த நடையில் எதைப் பணயம் வைத்திருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் இரண்டு நாளும் நன்றாகப் போயின. குளக்கட்டில் காலை வெயில் சாய்ந்து விழ, தண்ணீருக்குமேல் பறவைகள் கூட்டமாக எழும்பி இறங்கியதை மாஸ்ரர் அரைமணி நேரம் நின்று பார்த்தார். பாப்பாமோட்டை என் ஊர். எங்கள் வயல் கிணற்றடியில் எல்லோரும் குளித்தார்கள். ஆனால் இரண்டாம் நாள் முடிவில் மாஸ்ரரின் தோள்கள் பொதியின் வார் பட்டுச் சிவந்து தடித்திருந்தன. குமாரின் குதிக்காலில் கொப்புளம்.

மூன்றாம் நாளுக்கு ஆளுக்கு நாலு லீற்றர் என்று போட்டிருந்தேன். விடத்தல்தீவில் நாங்கள் தங்கிய வீட்டில் வைத்து மாஸ்ரர் கேட்டார்:

"பிள்ளை, நாங்கள் போற வாடியில ஆக்கள் இருக்கினம்தானே. அங்க தண்ணி இருந்தா நாலு லீற்றர் ஏன் காவுவான்? ரெண்டு காணாதோ?"

நியாயமான கேள்வி. வழியில் ஐந்து மணித்தியாலம், போய்ச் சேர்ந்தால் தண்ணீர், இரண்டு லீற்றர் போதும்போலத்தான் இருந்தது. வாடிக்காரர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. பெனடிக் என்று பெயர். சங்கு குளிப்பவர். எடுத்தேன். அந்தப் பேச்சை அன்று மாலையே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன், பழைய பழக்கம். அப்படியே தருகிறேன்.

"தம்பி, அங்க தண்ணி எப்பிடி?"

"தண்ணி நல்லாக் கிடக்கு அக்கா. கண்ணாடி மாதிரி. அடி தெரியுது."

"நாங்கள் நாலு பேர் வாறம். காணுமோ?"

அவர் சிரித்தார். "ஏன் காணாது? ஊரே வந்தாலும் காணும்."

"நாளைக்கும் இப்பிடி நிக்குமோ?"

"காத்து மாறுமட்டும் நிக்கும் அக்கா. பயப்பிடாம வாங்கோ."

நான் போனை வைத்துவிட்டு, "ரெண்டு காணும்" என்றேன். எல்லோருடைய பொதியிலிருந்தும் இரண்டிரண்டு போத்தல்களை எடுத்து வெளியே வைத்தேன். மாஸ்ரர் பொதியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பொதியே இல்லை, பஞ்சு" என்றார். நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை ஆறுக்குப் புறப்பட்டோம். ஏழரைவரை உலகத்திலேயே அழகான நடை அது. உப்புத்தரவையின் மேல்தோல் காலடியில் அப்பளம்போல் உடையும். கடல் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. காற்றே இல்லை. காற்று இல்லாததைக் கவனித்தேன், அதன் அர்த்தத்தைக் கவனிக்கவில்லை. எட்டரைக்கு ஓர் ஓடை குறுக்கிட்டது. கடல் ஏறி நெஞ்சளவு நின்றது. சுற்றிப் போகக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். கண்டல் மரங்களுக்குள் நிழல் இருந்தது, ஆனால் மூச்சுவிட இடமில்லை. அங்கேதான் எல்லோரும் தண்ணீரைக் குடித்துத் தள்ளினார்கள். அதே இடத்தில் திரும்பியிருக்கவேண்டும். வாடியில் தண்ணீர் இருக்கிறது என்ற எண்ணம்தான் என்னை முன்னால் நடத்தியது.

பதினொரு மணிக்கு மாஸ்ரரின் போத்தல்கள் வெறுமை. என்னிடமிருந்த அரை லீற்றரை அவரிடம் கொடுத்தேன். பன்னிரண்டுக்கு அதுவும் முடிந்தது. மற்ற இருவரிடமும் துளியில்லை. மாஸ்ரர் பேசுவதை நிறுத்தியதை முதலில் கவனித்தவர் ரஜனி. கிட்டப்போய் அவருடைய கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். வேர்வை இல்லை, கொதித்தது.

"மாஸ்ரர், பதினேழு ரெண்டு எவ்வளவு?" என்று கேட்டார்.

மாஸ்ரர் அவரை நிதானமாகப் பார்த்தார். "நீ எந்த வகுப்பு?" என்றார்.

குமார் சிரிக்கப் பார்த்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முனையில் வாடியின் தென்னங்கிடுகுக் கூரை தெரிந்தது. அவரை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒரு மணிக்குக் கால் மணி இருந்தது.

வாடியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். மெற்றில்டா, வாடிக்குச் சமைப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அடுப்பில் பெரிய பானை. எங்களைக் கண்டதும் அகப்பையோடு எழும்பினார். ரஜனியும் குமாரும் மாஸ்ரரைக் கூரைக்குள் படுக்கவைத்துவிட்டு, சாரம் நனைக்கக் கடலடிக்கு ஓடினார்கள்.

"தங்கச்சி, தண்ணி எங்க?" என்றேன்.

"எந்தத் தண்ணி?"

"குடிக்கிற தண்ணி. பெனடிக்கிட்டக் கேட்டுத்தான் வாறம். நல்லாக் கிடக்கு எண்டவர்."

மெற்றில்டா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் குளிகாரன் அக்கா. தண்ணி எண்டா அவனுக்குக் கடல். நல்லாக் கிடக்கெண்டா கலங்காமக் கிடக்கு, முழுகிச் சங்கு பாக்கலாம் எண்டு அர்த்தம். நீங்கள் எந்த ஊர்?"

"பாப்பாமோட்டை."

"அதுதானே பாத்தன். வயல்காரர்" என்றார்.

அடி தெரிகிறது என்று பெனடிக் சொன்னபோது எனக்கு எங்கள் கிணற்றின் அடி தெரிந்தது. ஊரே வந்தாலும் காணும் என்றபோது நல்ல ஊற்று என்று நினைத்தேன். ஆனால் காற்று மாறும்வரை நிற்கும் என்றாரே, அந்த ஒரு வசனம் என் கிணற்றுக்குப் பொருந்தவேயில்லை. காற்று மாறினால் கிணற்றுக்கு என்ன? பொருந்தாத வசனத்தைத்தான் பிடித்து விசாரிக்கவேண்டும் என்று செய்தி அறையில் எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வேண்டிய பதில் முதல் வசனத்திலேயே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கேட்டது காதால் மட்டும். ஆகவே, கரையில் ஒருவரிடம் தண்ணீரைப் பற்றி விசாரிக்கும்போது, "நீங்கள் எதைக் குடிக்கிறனீங்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யாரும் கடலைப் பதிலாகச் சொல்லமுடியாது.

அந்த வாடிக்குக் குடிதண்ணீர் தினமும் விடியற்காலை வள்ளத்தில் மூன்று பிளாஸ்ரிக் கானில் வரும். இரண்டைக் குளிகாரர் கடலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாவது அடுப்பில் இருந்தது, எட்டுப் பேருக்கான சோறாக.

"அங்க மணலில தோண்டின ஒரு கிடங்கு இருக்கு" என்று மெற்றில்டா கையைக் காட்டினார். "கை கழுவுற தண்ணி. கழுதையும் குடியாது."

ரஜனியும் குமாரும் கடலடியிலிருந்து திரும்பினார்கள். ரஜனி நனைத்த இரண்டு சாரங்களையும் மாஸ்ரர்மேல் போர்த்தி, பானை மூடியால் விசிறினார். குமார் வாசலில் நின்றார்.

"நான் ஓடிப்போய் ஊரில இருந்து தண்ணி கொண்டுவாறன்."

"போகவேண்டாம்" என்றேன்.

"சும்மா பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியளோ?"

"ஓம். நீங்கள் ரெண்டு லீற்றர் தண்ணியோட ஏழு மணித்தியாலம் நடந்து வந்தனீங்கள். திரும்ப ஓடினா வழியில விழுவீங்கள். பிறகு நான் ரெண்டு பேரைப் பாக்கவேணும்."

அவர் என்மேல் கோபப்பட்டார். நியாயம்தான், அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தது நான். ஆனால் நெருக்கடியில் கால் துடிப்பவரை இருத்திவைப்பதும் நம் வேலை. போனில் ஒரு கோடு சமிக்ஞை இருந்தது. விடத்தல்தீவில் எங்களுக்கு ஒழுங்குசெய்திருந்த வள்ளக்காரரை எடுத்தேன். கடல் வற்றத் தொடங்கிவிட்டது, சுற்றித்தான் வரவேண்டும், இரண்டரை மணித்தியாலமாகும் என்றார்.

நான் போனை வைத்தபோது மெற்றில்டா பானையை அடுப்பால் இறக்கியிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"அரிசி இப்பதான் போட்டனான்" என்றார். "அது இன்னும் தண்ணியைக் குடிக்கேல்லை. முழுக்க மேலதான் நிக்குது."

அகப்பையால் அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு சட்டியில் ஊற்றினார். கொஞ்சம் உப்புப் போட்டார். இரண்டு தகரப் பேணிகளில் மாற்றி மாற்றி ஆற்றினார். கை நன்றாகச் சுட்டிருக்கவேண்டும், காட்டிக்கொள்ளவில்லை. ரஜனி மாஸ்ரரின் தலையை உயர்த்தி, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தார்.

"உங்கட ஆக்களுக்குச் சோறு?" என்று கேட்டேன்.

"அவங்கள் ஏசுவாங்கள். ஏசினா காதில என்ன புண்ணோ?" என்றார் மெற்றில்டா. பிறகு எங்கள் மூவருக்கும் ஆளுக்கு அரைப்பேணி அளந்து தந்தார். "மெல்லக் குடியுங்கோ. இன்னொருக்கா கேட்டா அகப்பையாலதான் தருவன்."

அடுத்த நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் மாஸ்ரரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இன்னும் மோசமானால் என்ன செய்வது, சுகந்தியைப் போனில் எப்போது எடுப்பது, முதல் வசனம் என்ன என்று யோசித்தேன். பத்திரிகையில் எத்தனையோ சாவுச் செய்திகளுக்கு முதல் வசனம் எழுதியவள். இதற்கு ஒன்றும் வரவில்லை. அப்போது மேலுதட்டுக்குமேல் சிறிய பொட்டுப் பொட்டாக ஏதோ மினுங்கியது. வேர்வை. ரஜனிக்குத் தொட்டுக் காட்டினேன்.

மாஸ்ரர் கண்ணைத் திறக்காமல், "முப்பத்திநாலு" என்றார்.

ரஜனி அழுதார். குமார் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்குக் குளிகாரர்கள் எட்டுப் பேரும் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார்கள். உப்புப் பூத்த முகங்கள், பசி. மெற்றில்டா வாசலிலேயே அறிவித்தார்: "சோறில்லை. ஊறின அரிசிதான் கிடக்கு. தண்ணியை இவைக்குக் குடுத்திட்டன். வள்ளத்தில மிச்சம் கிடந்தாக் கொண்டாங்கோ, திரும்ப அவிக்கலாம்."

யாரோ ஒருவர் முணுமுணுத்தார். இன்னொருவர் திரும்பி வள்ளத்தை நோக்கி நடந்து, கானைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவர்தான் பெனடிக். நடந்ததைக் கேட்டதும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, நீங்கள் தண்ணியைத்தானே கேட்டனீங்கள்? நான் பொய் சொல்லேல்லை. இண்டைக்கும் போய்ப் பாருங்கோ, அடி தெரியுது."

"நீங்கள் சொன்னது சரி தம்பி. நான்தான் பிழையாக் கேட்டனான்" என்றேன்.

"நான் நினைச்சன், கடல் குளிக்க வாறியள் எண்டு" என்றார் அவர். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வாடியின் இறுக்கம் தளர்ந்தது. நாலு மணிக்கு எங்கள் வள்ளம் வந்தபோது அவர்கள் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதில் கொண்டுவந்த தண்ணீரில் இரண்டு கானை அங்கே இறக்கினோம்.

வள்ளத்தில் மாஸ்ரர் பாயில் சாய்ந்து இருந்தார். ரஜனி அவருடைய கையைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போனதும் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். வாடிக் கூரை மறையும்வரை மாஸ்ரர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ரஜனியிடம் சொன்னார்:

"என்ர பிழை பிள்ளை. ரெண்டு லீற்றர் காணும் எண்டு நான்தான் சொன்னனான். வயசு போட்டுது, அது எனக்கு விளங்கேல்லை. சுகந்தியிட்டச் சொல்லத்தான் வேணும். வீட்டைப் பூட்டிப்போட்டுப் போவம்."

வள்ளத்தில் என்னைத் தவிர எவருக்கும் அதை மறுக்கத் தெரியாது. தொலைபேசியில் நான் என்ன கேட்டேன், பெனடிக் என்ன சொன்னார் என்பது என் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. மெற்றில்டா விளக்கியபோது மாஸ்ரர் நினைவில் இல்லை. ரஜனியும் குமாரும் சாரம் நனைக்கக் கடலடியில் நின்றார்கள். பெனடிக்கிடம் நான் சொன்னதை ஒரு மரியாதைப் பேச்சாகவே அவர்கள் எடுத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் கந்தோரில் ஒரு கேள்வியும் வராது. ஒரு வயதானவருக்கு வெயில் பட்டது, அவ்வளவுதான்.

பத்திரிகை ஒரு செய்தியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பிழையாகப் போடும். திருத்தத்தை நாலு நாள் கழித்து உள்பக்கத்தின் அடியில், ஏல அறிவித்தலுக்குக் கீழே போடும். நானும் அப்படித் திருத்தங்கள் எழுதியிருக்கிறேன். ஊருக்குப் போய், ஒரு நாள் கழித்து, மாஸ்ரரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் தீர்ப்பை இப்போதே எழுதிக்கொண்டிருந்தார்.

"மாஸ்ரர், உங்கட பிழை இல்லை" என்றேன். இயந்திரச் சத்தத்தில் கேட்காது என்று இன்னொரு தடவை உரத்துச் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பேச்சை முதலிலிருந்து கடைசிவரை எல்லோருக்கும் வாசித்தேன். ஓடையடியில் திரும்பாததையும் சொன்னேன். "நீங்கள் கேள்விதான் கேட்டனீங்கள். போத்தலை வெளியில எடுத்து வைச்சது நான். உங்கட வயசில பிழையில்லை. நாலு லீற்றர் தந்திருந்தா நீங்கள் என்னை முந்தி நடந்திருப்பீங்கள்."

குமார் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கமாட்டேன். அது எனக்கு வரவேண்டியது.

மாஸ்ரர் நிமிர்ந்து இருந்தார். ஒரு பிழையான கணக்கைப் படிப்படியாகச் சரிபார்ப்பவர்போல் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப முழுப் பிழையும் உங்கட?" என்றார்.

"முழுக்க."

"எனக்கு ஒரு புள்ளியும் இல்லை?"

"இல்லை மாஸ்ரர்."

விடத்தல்தீவுத் தேவாலயக் கோபுரம் தெரியத் தொடங்கியபோது அவருடைய போன் அடித்தது. மகள். அவர் ரஜனியின் கையை விலக்கிவிட்டு, தொண்டையைச் செருமி, வகுப்பின் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரலில் பேசினார்:

"சுகந்தி, கேள். நான் வெயில் பட்டு விழுந்தனான். பொறு, பொறு, கத்தாத. பிழை விட்டது நான் இல்லை. வழிகாட்டி! முழுக்க முழுக்க அவதான். தன்ர வாயால எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டா. இந்தா, நீயே கேள்."

அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் என்மேல் குற்றம்சாட்டி நான் கேட்டதில்லை. போனை வாங்கி, "ஓம் பிள்ளை, என்ர பிழைதான்" என்றேன். இறங்குதுறை வரும்வரை சுகந்தி ஏசினார். வழிகாட்டி வேலையை விடச் சொன்னார், கந்தோருக்கு எழுதுவேன் என்றார், எனக்குத் தாய் தகப்பன் இல்லையா என்று கேட்டார். நான் ஒன்றையும் மறுக்காமல், ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டேன். அப்பா இனி நடக்கக்கூடாது என்பது மட்டும் அதில் இருக்கவில்லை.